பாதரசம் படாத கம்மல்: உருக்குறது கண்ணுக்குத் தெரியுது, பில்லுதான் தெரியல

காதுகுத்துன்னா மொதல் குத்து தாய்மாமன் பர்ஸுக்குத்தான். அக்கா பொண்ணுக்கு 11 மாசம், கோலார் தங்கவயல்ல வீட்லயே காதுகுத்து வெச்சிருந்தாங்க, என் மடியில உக்கார வெச்சு குத்தணும், கம்மல் நான் எடுக்கணும். வழக்கமா எங்க வீட்ல எல்லாமே பெங்களூரு நகரத்பேட்டையில ஒரு கடையிலதான் எடுப்போம், அப்பா காலத்துப் பழக்கம். இந்த தடவ என் வீட்டுக்காரி ஃபோன்ல ஒரு ரீல் காட்டுனா, இந்திராநகர்ல ஒரு சின்ன நகைக்கடை, "பாதரசம் இல்லாம எடுத்த தங்கம்"னு போட்டு விக்கிறாங்கன்னு. சரி போய்த்தான் பாப்போமேன்னு போனேன், வாங்கியும் வந்துட்டேன். கடை பேரு போடல, குறையும் சொல்லப் போறேன், சின்ன கடை, அவங்க பொழப்புல மண் அள்ளிப் போட எனக்கு ஆசை இல்ல. தேடுனீங்கன்னா நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

அவசரக்காரங்களுக்கு மொதல்லயே சொல்லிடுறேன். வாங்குனது 22 கேரட் திருகு கம்மல் ஒரு ஜோடி, 2.1 கிராம். வேலைப்பாடு 5க்கு 5. ஆசாரி 5க்கு 10. கடைப் பொண்ணுக்கு விஷயம் தெரியல, 5க்கு 1. பில்லு 5க்கு 2. மொத்தமா மூன்றரை போடுறேன், ஏன்னு கீழ நீளமா இருக்கு, டைம் இருந்தா படிங்க.

நான் ஏன் இந்த பாதரச விஷயத்துல இவ்ளோ நோண்டுறேன்னு கேப்பீங்க. என் வேலை ஆஸ்பத்திரி மெஷின் சர்வீஸ். கையில பட்டை சுத்தி புஸ்ஸு புஸ்ஸுன்னு அமுக்குற பழைய பி.பி. மெஷின் இருக்குல்ல, கண்ணாடிக் குழாய்ல வெள்ளியா ஏறி இறங்குமே, அத நூத்துக்கணக்குல கழட்டி மாட்டி இருக்கேன். ஒரு தடவ ஒரு ஆஸ்பத்திரி வார்டுல கைதவறி உடைஞ்சு டைல்ஸ் சந்துல எல்லாம் முத்து முத்தா ஓடிடுச்சு, அங்க இருந்த ஆயாம்மா துடைப்பத்த எடுத்துட்டு வந்துட்டாங்க, "அய்யோ பெருக்காதீங்கம்மா"ன்னு கத்துனேன், பெருக்குனா இன்னும் பொடிப்பொடியா உடையும், ஆவி ஜாஸ்தி ஆகும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, மூச்சுல உள்ள போனா அதுல முக்கால் பங்குக்கு மேல உடம்புலயே தங்கிடும். பாதரசத்தக் குறைக்க உலக நாடுகள் சேந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தம் வந்ததுக்கு அப்புறம் அந்த மெஷினெல்லாம் ஓரங்கட்டிட்டாங்க, ஒப்பந்தம் 2017 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு, 2018ல இந்தியாவும் சேந்துச்சு. அந்த சமயம் எங்களுக்கு ஒரு ட்ரெயினிங் கொடுத்தாங்க, அதுலதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. உலகத்துல மனுஷன் காத்துல விடுற பாதரசத்துல பெரிய பங்கு தெர்மாமீட்டரும் இல்ல பி.பி. மெஷினும் இல்ல, சின்ன அளவுல தங்கம் தோண்டுறவங்க எரிக்கிறதுதான். ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2018ல போட்ட கணக்குல மொத்தம் சுமார் 2,220 டன், அதுல 38 சதவீதம் இது.

அப்போ கடைக்கு வருவோம். மெட்ரோல இறங்கி அஞ்சு நிமிஷம் நடை. கார் எடுத்துட்டுப் போகாதீங்க, அந்த கிராஸ்ல சைக்கிள் நிறுத்தக்கூட எடம் கிடையாது. உள்ள ஏ.சி., மர ஷெல்ஃப், மெதுவா ஏதோ வீணை பாட்டு, போனதும் ஃபில்டர் காபி. காபி நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லிடணும். நகரத்பேட்டையில அந்தக் காபிக்குப் பதிலா நாலு பேரு முழங்கை இடுப்புல குத்தும். ஒரு சின்னப் பொண்ணு வந்து ரெண்டு தட்டு எடுத்து வெச்சா. ஒண்ணு "ரீசைக்கிள்டு", இன்னொண்ணு "சின்னச் சுரங்கத் தங்கம், பாதரசம் இல்லாதது". ரெண்டாவதுக்கு கிராமுக்கு 1,400 ரூவா ஜாஸ்தி. ஏம்மா ஜாஸ்தின்னு கேட்டா, "சார் இதுல மெர்குரி இல்ல, குழந்தைக்கு ஸ்கின் அலர்ஜி வராது"ன்னா.

இங்கதான் எனக்கு கடுப்பாச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, யாரோ சொல்லிக் கொடுத்தத சொல்றா. ஆனா படிக்கிறவங்க தெரிஞ்சுக்கோங்க, நீங்க எந்தக் கடையில வாங்குனாலும் நகையில பாதரசம் இருக்காது. மண்ணுல இருந்து தங்கத்தப் பிடிக்க பாதரசம் போடுவாங்க, அப்புறம் எரிச்சு விரட்டிடுவாங்க, மிச்சம் மீதி இருந்தாலும் சுத்திகரிக்கும்போது போயிடும். குழந்தை காதுல ஏறுறது சுத்தமான தங்கம்தான். அந்தப் பாதரசம் எரிச்ச எடத்துல யாரோட மூச்சுக்குள்ள போச்சுங்கிறதுதான் பிரச்சனை. எரிச்சவனுக்கு, அவன் பொண்டாட்டிக்கு, பக்கத்துல தவழ்ந்துட்டு இருந்த புள்ளைக்கு. ஸ்கின் அலர்ஜின்னு சொல்லி விக்கிறது, நெருப்பு எங்கயோ எரியும்போது இங்க தண்ணி ஊத்துற மாதிரி.

எப்படி எரிக்கிறாங்கன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. கல்ல இடிச்சு மாவாக்கி, இல்ல ஆத்து மணல அரிச்சு, அதுல பாதரசத்த ஊத்திப் பிசைவாங்க, தங்கத்துகள் எல்லாம் அதுல ஒட்டிக்கும். துணியில போட்டுப் பிழிஞ்சா கூடுதலா இருக்குற பாதரசம் வெளிய வந்துடும், உள்ள வெள்ளையா ஒரு உருண்டை நிக்கும், அதுல பாதிக்குப் பாதி பாதரசம்தான். அந்த உருண்டைய சட்டியில வெச்சு எரிப்பாங்க. பாதரசம் 357 டிகிரியில கொதிச்சு ஆவியாயிடும், தங்கம் உருக 1,064 டிகிரி வேணும், அதனால தங்கம் மட்டும் மிச்சம் நிக்கும். வேலை அவ்ளோதான். ஒரே ஆள் செய்யலாம், காலையில தோண்டுனத சாயங்காலம் காசாக்கலாம். 70க்கும் மேல நாட்டுல ஒன்றரைக் கோடி பேரு கிட்ட இதுல இருக்காங்கன்னு சொல்றாங்க, பொம்பளைங்க புள்ளைங்க உட்பட. எல்லாருக்கும் விஷம்னு தெரியாம இல்ல, சாயங்காலம் அரிசி வாங்கணும், அதான். அது போக நெறைய எடத்துல பாதரசத்த கடனாக் கொடுக்குறவனே தங்கத்த வாங்குறவனா இருப்பான், அவன்கிட்ட போய் எனக்கு பாதரசம் வேணாம்னு எப்படிச் சொல்றது.

அதுலயும் மோசம் ஒண்ணு இருக்கு, இடிச்ச கல்லு மாவு மொத்தத்துலயும் பாதரசத்த கொட்டி அரைக்கிறது. ஒரு கிராம் தங்கம் எடுக்க பத்து கிராம் வரைக்கும்கூட பாதரசம் போயிடும், அதுவும் தங்கத்துல பாதிகூட கைக்கு வராது, மீதி மண்ணோட போயிடும். அப்புறம் அந்த மண்ண வேற ஒருத்தன் வாங்கிட்டுப் போய் சயனைடு போட்டு மிச்சத் தங்கத்த எடுப்பான், பாதரசம் கலந்த மண்ணுல சயனைடு பட்டா அது கரைஞ்சு ஆத்துக்கு இன்னும் வேகமாப் போயிடும். மினமாட்டா ஒப்பந்தத்துல இத எல்லாம் பேர் சொல்லி "மொதல்ல நிறுத்துங்க"ன்னு போட்டிருக்காங்க. மொத்தக் கல்லுலயும் பாதரசம் போடுறது, திறந்த வெளியில எரிக்கிறது, குடியிருப்புக்குள்ள எரிக்கிறது, பாதரசத்த எடுக்காம சயனைடு போடுறது, இந்த நாலும். ஒரே நாள்ல பாதரசத்த ஒழிக்கச் சொல்லல, அதான் அதுல எனக்குப் பிடிச்சது, நடைமுறை தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க.

இது ஏதோ ஆப்பிரிக்கா, அமேசான் விஷயம்னு நெனக்காதீங்க. நம்ம நீலகிரியில தேவாலா பந்தலூர் பக்கம் 1880 வாக்குல வெள்ளைக்காரன் தங்கம் தங்கம்னு ஓடி வந்து கம்பெனி மேல கம்பெனியா ஆரம்பிச்சு கைய சுட்டுக்கிட்டான், இன்னைக்கும் அந்தப் பழைய குழியில திருட்டுத்தனமா எறங்கித் தோண்டுற ஏழைங்க இருக்காங்க, பாதரசம் அங்கயும் ஓடுது. மலை இந்தப் பக்கம் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரியோட பாதரசக் கழிவுக் கதை உங்களுக்கே தெரியும், அது மூடுனது 2001. எங்க தங்கவயல் மைன்ஸ மூடுனதும் அதே 2001, பிப்ரவரி 28.

சரி, திரும்ப கடை. பொண்ணுகிட்ட மூணு கேள்வி கேட்டேன். எந்த ஊர் தங்கம், பாதரசம் இல்லைன்னா எப்படிப் பிரிச்சாங்க, இந்த 1,400 யாருக்குப் போகுது. அவ உள்ள போய் ஓனரம்மாவ கூட்டிட்டு வந்தா. கன்னடக்காரங்க, ஆனா அல்சூர்ல வளந்தவங்களாம், தமிழ் நம்மள விட நல்லா பேசுறாங்க. கோவப்படல, அது ப்ளஸ். ஒரு ஃபைல் எடுத்து, தங்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ற லாட் பேப்பர் காட்டுனாங்க, கொலம்பியாவுல ஒரு சின்னச் சுரங்கக் கூட்டுறவு, சின்னச் சுரங்கத் தங்கத்துக்குக் கொடுக்குற ஃபேர்மைண்ட் சர்டிஃபிகேட், அதுல "ஈகலாஜிக்கல்"னு தனியா போட்டிருந்துச்சு. இந்த ஒரு வார்த்தைய கவனிச்சு வாங்குங்க. வெறும் ஃபேர்மைண்ட்னா பாதரசமே இல்லைன்னு அர்த்தம் கிடையாது, கட்டுப்பாட்டோட பயன்படுத்தலாம்னு விட்டிருக்காங்க, மூடுன பாத்திரத்துல எரிக்கணும், வீட்டுக்குள்ள எரிக்கக் கூடாது, அந்த மாதிரி. ஈகலாஜிக்கல்னு இருந்தாத்தான் பாதரசமும் கிடையாது சயனைடும் கிடையாது, தண்ணியும் எடையும் மட்டும் வெச்சுப் பிரிச்சது. தட்டு மேல இது ரெண்டையும் பிரிச்சு எழுதல, நான் கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க. அதுக்கு ஒரு மார்க் கட்.

இன்னொண்ணு, ஹால்மார்க் இருக்கே போதாதான்னு கேக்காதீங்க. 916, நகைக்கு நகை தனியா போடுற ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. நம்பர் எல்லாம் மாற்று எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும், எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லாது. நான் ஹால்மார்க் சரிபாக்குற பி.ஐ.எஸ். கேர் ஆப்ல நம்பர் போட்டுப் பாத்தேன், சரியா வந்துச்சு.

ரீசைக்கிள்டு தட்டு பத்தியும் சொல்லணும். அது மோசம் இல்ல, விலையும் சாதா ரேட்டுதான். ஆனா அதையும் "மெர்குரி ஃப்ரீ"ன்னு ஒட்டி வெச்சிருக்காங்க பாருங்க, அது ஓவர். பழைய தங்கத்த உருக்கி புதுசு பண்றத நம்ம பாட்டிங்க காலங்காலமா பண்ணிட்டுத்தான் இருக்காங்க, எவன்யா தங்கத்த குப்பையில போட்டான்? எங்க தாத்தா மோதிரம் ஒண்ணு உடைஞ்சு கிடந்துச்சு, 2.6 கிராம், மாத்திக் கொடுக்க எடுத்துட்டுப் போயிருந்தேன், அது உருகி நாளைக்கு அந்தத் தட்டுல "மெர்குரி ஃப்ரீ"ன்னு உக்காரும். அந்த மோதிரத்துத் தங்கம் எந்த நாட்டுல பாதரச விஷத்தால எவன் கைய நடுங்க வெச்சு வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்.

இப்போ ஆசாரி. உண்மையில இந்த ரிவ்யூ எழுதுறதே அவருக்காகத்தான். கடைக்குப் பின்னாடி ஒரு சின்னப் பட்டறை, நடுவுல கண்ணாடிச் சுவரு, உருக்குற எடத்துக்கு மேல புகை உறிஞ்சுற கூண்டு, மோட்டார் சத்தம் வந்துட்டே இருக்கு. ரெண்டு பெங்காலிப் பசங்க, ஒரு வயசான ஆசாரி, கிருஷ்ணகிரி பக்கமாம். என் மோதிரத்த என் கண்ணு முன்னாடி உருக்கணும்னு கேட்டேன். அது நம்ம ஊர் வழக்கம்தானே, உருக்குறத பாக்காம எவன் பழைய தங்கம் கொடுப்பான். ஆசாரி சிரிச்சாரு, "வாங்க தம்பி, பக்கத்துல நின்னே பாருங்க, ஆனா இந்தக் கோட்டத் தாண்டாதீங்க"ன்னாரு. மூசையில, அதாவது உருக்குற கிண்ணத்துல போட்டு, வெங்காரம் தூவி, ஊதி, அஞ்சே நிமிஷம், அழுக்கெல்லாம் கண்ணாடி மாதிரி ஒதுங்கி நடுவுல மஞ்சளா ஒரு சொட்டு நிக்குது. எத்தன தடவ பாத்தாலும் வாய் பொளந்துதான் பாப்போம்.

நான் சும்மா கேட்டேன், அண்ணே, பாதரசம் இல்லாம சுரங்கத்துல எப்படிண்ணே எடுக்குறாங்கன்னு. அவரு அந்த வெங்கார டப்பாவத் தட்டிக் காட்டுனாரு. "இதுதான் தம்பி. நம்ம தாத்தன் காலத்துல இருந்து நகைய ஒட்டப் பத்த வைக்கும்போது போடுறமே, இதேதான். பிலிப்பைன்ஸுல மலையில ஒரு கூட்டம் இதப் போட்டுத்தான் நேரா உருக்குறாங்களாம், மேடம் வீடியோ காட்டுனாங்க." எனக்கு அது ட்ரெயினிங்ல போராக்ஸ்னு ஒரு ஸ்லைடா வந்து போனது, அது நம்ம வெங்காரம்னு எனக்கு அன்னைக்குத்தான் மண்டையில ஏறுச்சு. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். பிலிப்பைன்ஸ்ல பெங்கெட்னு ஒரு மலை மாகாணம், அங்க இகோரோட் ஜனங்க பல வருஷமா பாதரசம் தொடாம வெங்காரம் போட்டு எடுக்குறாங்க. பீட்டர் அப்பெல்னு ஒரு டென்மார்க் ஜியாலஜிஸ்ட் அதப் பாத்துட்டு ஊர் ஊராப் போய் மத்த சுரங்கக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாரு. மண்ண நல்லா அலசி அலசி கனமானத மட்டும் சேத்து, காந்தம் வெச்சு இரும்புத்துகள எடுத்துட்டு, மிச்சத்த வெங்காரத்தோட மூசையில போட்டு உருக்குறது. மத்த கல்லுத்தூள் எல்லாம் வெங்காரத்தோட சேந்து குறைஞ்ச சூட்டுலயே உருகி மேல மிதக்கும், தங்கம் கனம், அடியில போய் உக்காந்துக்கும். என் மோதிரத்துல நடந்தது எதுவோ அதேதான்.

"அப்ப எல்லாரும் இதையே பண்ணலாமேண்ணே"ன்னேன். "அது அப்படி இல்ல தம்பி. எனக்கு வர்றது தங்கம், அதுல அழுக்கு. அவங்களுக்கு வர்றது அழுக்கு, அதுல தங்கம். அலசுறதுலதான் கைத்திறமை, ஒழுங்கா அலசலைன்னா வெங்காரம் கிலோ கணக்குல போட்டாலும் வேகாது." இதுதான் விஷயமே, ட்ரெயினிங்ல மூணு மணி நேரத்துல சொல்லாதத மனுஷன் மூணு வரியில சொல்லிட்டாரு. நிஜமாவே கந்தகம் ஜாஸ்தி இருக்குற கல்லுல அந்த முறை சரியா வராது, அலசுற வேலைக்கு பழக்கமும் நேரமும் வேணும், ஆட்டுற மேசை, சுத்துற மெஷின்னு கொஞ்சம் முதலும் போடணும். அதப் பழகுற நேரத்துல வீட்ல அடுப்பு எரியணும்ல.

எரிக்கிறத மட்டும் மூடி எரிச்சாகூட போதும், பாதி பிரச்சனை தீரும். ரிட்டார்ட்னு ஒண்ணு, நம்ம ஊர்ல தைலம் இறக்குற மாதிரிதான், மூடுன கிண்ணம், ஒரு குழாய், குழாய் நுனி தண்ணிக்கிட்ட. ஆவி குளுந்து பாதரசமாவே திரும்ப வந்துடும், ஒழுங்கா பண்ணா 95 சதவீதம் வரைக்கும் பிடிச்சு மறுபடி உபயோகிக்கலாம், காசும் மிச்சம். ரொம்ப விலையும் இல்ல. அப்புறம் ஏன் பல ஊர்ல கொடுத்தத மூலையில போட்டுட்டாங்கன்னு கேட்டா, காரணத்தப் பாருங்க, இரும்புப் பாத்திரத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியல, உள்ள தங்கம் குறைஞ்சிடுச்சுன்னா யாரக் கேக்குறதுன்னு சந்தேகம். வெளிய வர்ற தங்கமும் கொஞ்சம் கருப்பா இருக்கும், வாங்குறவன் அதச் சாக்கா வெச்சு விலையக் குறைப்பான். அதுக்காகவே கண்ணாடியில ரிட்டார்ட் பண்ணி, உள்ள நடக்குறது தெரியுற மாதிரி கொடுத்துப் பாத்தாங்க. நான் அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முன்னாடி கோட்டத் தாண்டாம கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கும்போது இதுதான் ஞாபகம் வந்துச்சு, அங்க மலையில ஒருத்தன், இங்க நான், ரெண்டு பேருக்கும் ஒரே பயம்.

கொலம்பியாவுல செகோவியான்னு ஒரு ஊர் இருக்கு, தங்கம் வாங்குற கடைங்க எல்லாம் ஊருக்கு நடுவுலயே, உருண்டைய அங்கயே எரிப்பாங்க, காத்துல பாதரசம் அவ்ளோ இருந்துச்சுன்னு ஆராய்ச்சிக்காரங்க அளந்து சொன்னதுல உலகத்துலயே மோசமான எடங்கள்ல ஒண்ணுன்னு பேர் வாங்கிடுச்சு. சுரங்கம் பக்கமே போகாத டெய்லரும், பள்ளிக்கூடப் புள்ளைங்களும் மூச்சு விட்ட காத்து அது. நம்ம கடைத் தெருவுல எப்படின்னு யோசிச்சுப் பாருங்க, மேல பட்டறை, கீழ மெஸ், நடுவுல குடும்பம். நகரத்பேட்டையில நான் பாத்த பழைய பட்டறையில புகைக்கு ஒரு ஜன்னல்தான், அதுவும் பக்கத்து வீட்டப் பாத்து. அந்த வகையில இந்த இந்திராநகர் கடை புகைக்கூண்டு வெச்சிருக்குறது சும்மா ஷோ இல்ல, வேலை செய்யிற பசங்களுக்கு அது நிஜமான வசதி.

இப்போ காசு. என் பெரிய மனத்தாங்கல் இங்கதான். ஃபேர்மைண்ட்ல சுரங்கக்காரங்களுக்கு மார்க்கெட் விலைக்கு மேல கொடுக்குற பிரீமியம் கிலோவுக்கு 4,000 டாலர், ஈகலாஜிக்கலா இருந்தா 6,000. கிராமுக்கு 6 டாலர். 22 கேரட்டுக்கு கணக்குப் போட்டா அஞ்சரை டாலர், டாலர் 87 ரூவான்னு வெச்சா 480 ரூவா கிட்ட. என்கிட்ட வாங்குனது கிராமுக்கு 1,400. அப்ப 2.1 கிராமுக்கு நான் ஜாஸ்தியா கொடுத்த 2,940ல சுமார் 1,000 ரூவாதான் தோண்டுறவங்களுக்கு, மீதி 1,940? ஓனரம்மாகிட்ட கேட்டேன். சின்ன லாட்டா வருது, அனுப்புற செலவு, லைசென்ஸ் கட்டணம், மத்த தங்கத்தோட கலக்காம தனியா உருக்கணும், மூசைகூட தனி, சேதாரம் தனியா சேத்து வைக்கணும்னு சொன்னாங்க. நம்புறேன், பொய் சொல்ற முகம் இல்ல. ஆனா அத பில்லுல பிரிச்சுப் போடுங்கம்மான்னா "சிஸ்டம்ல அந்த ஆப்ஷன் இல்ல"ங்குறாங்க. பில்லுல தங்க விலை, செய்கூலி, ஜி.எஸ்.டி. 3 சதவீதம், அவ்ளோதான், அந்த 1,400 தங்க விலைக்குள்ளயே கரைஞ்சு கிடக்கு. உருக்குறதுக்கு கண்ணாடிச் சுவரு வெச்சவங்களுக்கு பில்லுல ரெண்டு வரி சேக்க முடியாதா? கிராமுக்கு 480 அங்க போகுது, 920 எங்க செலவுன்னு எழுதிக் கொடுத்தா நான் சந்தோஷமா கொடுத்துட்டு வந்திருப்பேன், பேரம்கூட பேசியிருக்க மாட்டேன்.

திரும்பக் கொடுத்தா எவ்வளவுன்னும் கேட்டேன். சாதா தங்க ரேட்டுதான், அந்த ஜாஸ்தி காசு திரும்பாது. முதலீடா நெனச்சு வாங்குறவங்க அங்க போகவே வேண்டாம், நேரா சிக்பேட்டை பக்கம் போயிடுங்க. என் மோதிரத்துக்கு மெஷின்ல வெச்சு 84 சதவீதம்னு காட்டுனாங்க, கழிவு எதுவும் பிடிக்கல, உருக்குன எடைக்கு அப்படியே போட்டாங்க, அது நியாயம்.

டெலிவரி அஞ்சு நாள்னு சொல்லி ஒன்பது நாள் ஆச்சு. காதுகுத்து ஞாயித்துக்கிழமை, வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் கம்மல் வரல, அக்கா நாலு தடவ ஃபோன் பண்ணிட்டா, "ஏண்டா கம்மல் கொலம்பியாவுல இருந்து நடந்து வருதா"ன்னு. கடைசியில வெள்ளி சாயங்காலம் கிடைச்சுது. திருகு ஒண்ணு லேசா லூசா இருந்துச்சு, ஆசாரி அங்கயே வாங்கி ரெண்டு நிமிஷத்துல இழையத் திருத்திக் கொடுத்தாரு. பின்பக்கம் எவ்ளோ வழவழன்னு இருக்கு தெரியுமா, புள்ள தூங்கும்போது காதுக்குப் பின்னாடி குத்தவே குத்தாது, அந்த வேலைக்கு முழு மார்க்.

ஞாயித்துக்கிழமை தங்கவயல்ல ஃபங்ஷன் முடிஞ்சு சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாகிட்ட பில்லக் காட்டுனேன். எங்க தாத்தா தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல அண்டர்கிரவுண்ட்ல இறங்குனவரு, கல்லுத் தூசி தின்ன நெஞ்சோட போய்ச் சேந்தாரு. அப்பா கொஞ்ச நேரம் கம்மலத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சொன்னாரு, வெள்ளைக்காரன் கம்பெனி காலத்துல மில்லுல செப்புத் தகட்டுல பாதரசத்தப் பூசி வெச்சு அது மேல கல்லு மாவுத் தண்ணிய ஓட விடுவாங்களாம், தங்கம் தகட்டுல ஒட்டிக்குமாம், அத வழிச்சு எடுக்குறவங்கள வேலை முடிஞ்சதும் ட்ரவுசர் பாக்கெட், வாய், தலைமுடி எல்லாம் சோதிச்சுத்தான் வெளிய விடுவாங்கன்னு தாத்தா சொல்லுவாராம். "தங்கம் போயிடுச்சான்னு சோதிச்சாங்க, ரசம் உள்ள போயிடுச்சான்னு எவன் சோதிச்சான்"னாரு. அப்புறம் "எவ்ளோடா ஜாஸ்தி கொடுத்த?"ன்னாரு. மூணாயிரம் கிட்டப்பான்னேன். அதுல தோண்டுறவனுக்கு எவ்ளோன்னாரு. ஆயிரம்னேன். "எங்களுக்கு அதுகூட வந்ததில்ல"ன்னு சொல்லிட்டு ஜன்னல் வழியா சயனைடு மேட்ட, அந்தப் பழைய சுரங்கக் கழிவு மண் மலைய, பாத்துட்டு உக்காந்துட்டாரு. அன்னைக்குக் காத்து வேற, வெள்ளையா தூசி பறந்துட்டு இருந்துச்சு.

மறுபடி போவேனான்னா, சின்ன சாமானுக்குப் போவேன். 2 கிராம், 3 கிராம்னா அந்த ஜாஸ்தி தாங்கும். கல்யாணத்துக்கு 10 பவுன் எடுக்குறவங்களுக்கு அது ஒரு லட்சத்தத் தாண்டும், அந்த அளவுக்கு வாங்குறவங்க பில்லுல பிரிச்சுப் போட்டாத்தான் வாங்குவேன்னு அடம் பிடிங்க, பத்து பேரு கேட்டா அந்த சிஸ்டம்ல தானா ஆப்ஷன் வந்துடும். லாட் பேப்பர கேட்டு வாங்கிப் பாருங்க, ஈகலாஜிக்கல்னு இருக்கான்னு பாருங்க, ஃபோட்டோ எடுக்க விடுறாங்க. திங்கட்கிழமை லீவு. பொண்ணுகிட்ட கேள்வி கேட்டு நேரத்த வீணாக்காதீங்க, நேரா பட்டறையப் பாக்கணும்னு சொல்லுங்க, ஆனா நாலு மணிக்குள்ள போயிடுங்க, அதுக்கு மேல ஆசாரி இருக்க மாட்டாரு, பானசவாடி பஸ்ஸப் பிடிக்கணும் அவருக்கு.